எத்தினை நாளைக்கு?

அவன் பையைக் கழற்றவில்லை. 2009 ஆனி மாதம். செட்டிகுளத்தில் காட்டை வெட்டித் தள்ளிய செம்மண்ணில் தறப்பாள் கொட்டில்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றைப் பள்ளிக்கூடம் என்று சொன்னார்கள். சுவர் கிடையாது, வாங்கு கிடையாது. பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். கொண்டு வந்ததைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்கள். ஒன்பது வயது மதிக்கத்தக்க இந்தப் பொடியன் மட்டும் உரப்பையில் தைத்த ஒரு பையை இரண்டு தோளிலும் மாட்டியபடி குந்தியிருந்தான். எந்த நிமிடமும் எழும்பி ஓடக்கூடிய குந்தல் அது.

“பையைக் கழட்டி வையும் அப்பன். இஞ்ச ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.”

“எத்தினை நாளைக்கு ரீச்சர்?”

பையைக் கேட்கிறானா, பள்ளிக்கூடத்தையா, முகாமையா என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்கு மூன்றும் ஒன்றாக இருந்திருக்கலாம். “கெதியா வீட்டை போயிடலாம்” என்ற வாசகம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அந்த வாசகத்தைச் சொல்லி நான் ஏற்கெனவே ஒருதரம் பட்டவள்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தில் இருந்த எல்லோரையும் அன்றிரவே வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போயின. மழை. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஒரே இரவில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போனது. சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் கடக்கிற வழியை விடியும்வரை கடந்தோம். பாரில் இருந்த என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளும் இதைத்தான் கேட்டாள். “ரெண்டு நாளைக்கு அம்மா, ரெண்டே ரெண்டு நாள்” என்றேன். மூன்றாம் நாள் விடியற்காலை, சாவகச்சேரியில் நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தையில், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்குப் போக ஆயத்தமாக.

நாங்கள் திரும்பியது ஆறு மாதம் கழித்து. அதன் பிறகு கனகாலம் அவள் என்னிடம் எதையும் இரண்டு தரம் கேட்பாள். முதலில் என்னிடம், பிறகு அம்மம்மாவிடம். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கா என்ற கேள்விக்குக்கூட என் பதில் போதாது. போர் என் பிள்ளைக்குச் செய்தது என்ன என்று யாராவது கேட்டால் ஷெல்லையும் பங்கரையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்: தாயின் சொல் தேய்ந்து போனது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் மிச்சத்தை எழுத எனக்கு முகமில்லை. எங்கள் வெளியேற்றத்துக்குச் சரியாக ஐந்து வருடம் முன்னர், 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். பெரும்பகுதி புத்தளத்தில் போய்க் கொட்டில் போட்டது. அடுத்த நாள் என் வகுப்பில் இரண்டு வாங்கு வெறுமையாக இருந்தது. “அவை எங்க ரீச்சர்? எப்ப வருவினம்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடிந்த பலகையைத் திரும்பவும் துடைத்தேன். வீடிழந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் வழக்கமாக 1995 இல் இருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், பாருங்கள்.

போரில் அடிபட்ட பிள்ளைகளின் மனதைத் தேற்றும் வேலைக்கு எங்கள் ஊர்த் தமிழில் ஆற்றுப்படுத்தல் என்று பெயர். தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்களும் அவர்களோடு நின்றவர்களும் நெருக்கீடு, மனவடு, ஆற்றுப்படுத்தல் என்று எங்களுக்கு ஒரு சொற்பையே தந்தார்கள். எனக்குப் பிடித்த சொல் கடைசிச் சொல்தான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. போய் வந்தவன், போகாதவனுக்குச் சொல்கிறான். எங்கள் கதையில் உள்ள கோளாறு, வழி சொல்ல வந்தவருக்கும் வழி தெரியாது என்பது.

வழி தெரியாமலே நான் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செய்திருக்கிறேன். 1996 இல், மூன்று நாள் பயிற்சி முடித்த கையோடு, பிள்ளைகளை வட்டமாக இருத்தி ‘மனசில இருக்கிறதைச் சொல்லுங்கோ’ என்று தொடங்கினேன். சொன்னால் பாரம் குறையும் என்று படித்திருந்தேன். ஒரு பையன் தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான். நான் விடவில்லை. “ஓம், பிறகு?” என்றேன். அவன் முழுவதையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு ஏதோ பெரிய வேலை நடந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த கிழமை அவன் தாய் வந்தாள். இரவில் படுக்கையில் சலம் போகிறானாம், கதை குறைந்துவிட்டதாம், என் பெயரைச் சொன்னாலே எழும்பிப் போகிறானாம். அவள் என்னை ஏசவில்லை. நூல் கட்ட ஆரிட்டக் கொண்டுபோகலாம் ரீச்சர் என்று கேட்டாள். அவள் நூல் கட்டினாள். அவன் மெல்ல மெல்லத் தேறினான். தேற்றியது நூலா, பூசாரி வீட்டு முற்றத்தில் கிழமைக்கொருநாள் தாயின் மடியில் இருந்த நேரமா என்று நான் ஆராயப் போகவில்லை.

கதை சொல்ல வைப்பதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. முறையாகப் பயின்றவர், தனி அறையில், பல அமர்வுகளாக, நடந்ததைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் ஒழுங்காகச் சொல்ல வைத்துப் பிள்ளைகளை மீட்டதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியர்களே அதைப் படித்துச் செய்திருக்கிறார்கள். என் பிழை, நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாத ஒரு பிள்ளையிடம் நேற்றை எடுத்து நீட்டச் சொன்னது.

முகாமுக்குத் திரும்புகிறேன். மெனிக் பாம் என்று உலகம் அறிந்த இடம். கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று எங்கள் பெரியவர்களின் பெயரையெல்லாம் வலயங்களுக்கு வைத்து முள்ளுக்கம்பி அடித்திருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம். போரின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் நான் இருக்கவில்லை. இருந்தவர்கள் சொல்லக் கேட்டவள் மட்டுமே.

அந்தப் பைக்காரப் பொடியனின் குடும்பம் மன்னார்ப் பக்கம் அடம்பனில் இருந்து வந்தது. ஒருநாள் பூகோளப் பாடத்தில் இடங்களின் பெயர் சொல்லுங்கள் என்றேன். அவன் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தான்: அடம்பன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, “இது பதினோராவது” என்று நிலத்தைத் தட்டிக் காட்டினான். வகுப்பில் ஒருவரும் வியக்கவில்லை. “எங்களுக்குப் பதினாலு” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. போட்டி தொடங்கிவிட்டது.

இந்தப் பட்டியலுக்குள் ஒரு வீடு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அடம்பனை விட்டுக் கிளம்பும்போது கூரைத் தகரம், கதவு, நிலை, யன்னல் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். வன்னியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், போகிற இடத்தில் திரும்பப் பூட்டலாம் என்று. தருமபுரத்தில் கதவோடு வீடு. விசுவமடுவில் கதவு போய்த் தகரம் மிச்சம். சுதந்திரபுரத்தில் தகரம் போய்த் தறப்பாள். மாத்தளன் கடற்கரையில் தறப்பாளும் மண் கிடங்கும். கடைசியில் முதுகில் ஒரு பை. பெரியவர்கள் இதை இழப்பு என்று கணக்கு வைப்பார்கள். பிள்ளை வேறு ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. இறக்கி வைத்தது எல்லாம் போய்விட்டது, முதுகில் இருந்தது மட்டும் மிஞ்சியது. அப்படியிருக்க ‘பையைக் கழட்டி வை’ என்று ஒரு ரீச்சர் வந்து சொல்கிறாள்.

பைக்குள் என்ன இருந்தது என்று இரண்டு மாதம் கழித்து அவனாகவே காட்டினான். பொலித்தீனில் சுற்றிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள். பற்றரி இல்லாத ரோச். ஒரு சோடிக் கதவுப் பிணைச்சல். பிணைச்சல் ஏன் என்று கேட்டேன். “பித்தளை ரீச்சர். விலை கூட. அப்பா என்னட்டைத்தான் தந்தவர்.”

முதல் மூன்று கிழமை அங்கே பிள்ளைகள் விளையாடவே இல்லை. தண்ணிப் பவுசர் வரிசையில் பானை பிடித்து நின்றார்கள், சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள், தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், சொல்வழி கேட்கிறதுகள் என்று பார்க்க வருகிறவர்கள் மெச்சினார்கள். இந்தத் தொழிலில் நான் பயப்படுவது சொல்வழி கேட்கும் பிள்ளைக்குத்தான். கத்துகிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, ரீச்சருக்குக் கல் எறிகிற பிள்ளை தன் தேவையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. மூலையில் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையை வரிசையில் நாங்கள் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம்.

நாலாம் கிழமை விளையாட்டு வந்தது. மண்ணில் ஒரு கிடங்கு. குச்சிகளைப் படுக்க வைப்பார்கள். ஒருவன் “குத்துது!” என்பான். வன்னியில் ஷெல் புறப்படும் ஓசைக்கு அதுதான் பேர். மற்றவர்கள் விரல் மடித்து எண்ணுவார்கள். எண்ணி முடிந்ததும் எல்லோரும் விழுவார்கள், பிறகு மண்ணை அள்ளி எல்லாக் குச்சிகளையும் மூடுவார்கள். முடிந்தது. திரும்ப முதலில் இருந்து. அடுத்த நாளும் அதே, அதற்கடுத்த நாளும் அதே. ஒரு சொல் மாறாது. ஒருவரும் சிரிப்பதில்லை. 1976 இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில் பள்ளி பஸ்ஸோடு கடத்தி நிலத்துக்கு அடியில் அடைக்கப்பட்ட 26 பிள்ளைகளில் பெரும்பாலோரை லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் பின்தொடர்ந்து பார்த்தார். மகிழ்ச்சியில்லாமல், மாற்றமில்லாமல், திரும்பத் திரும்பச் சுற்றுகிற இந்த விளையாட்டைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சாதாரண விளையாட்டு பயத்தைக் கரைக்கும். இது கரைப்பதில்லை.

நிறுத்து என்று சொன்னால் மறைவாகப் போய் விளையாடுவார்கள். எனக்குச் சொல்லித் தந்த வழி, கதைக்குள் ஒரே ஒரு புதுச் சாமானை வைத்துவிட்டு விலகி இருப்பது. ஒரு சிரட்டையைக் கிடங்குக் கரையில் வைத்து “இது அம்புலன்ஸ்” என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நாள் சிரட்டை அப்படியே கிடந்தது. ஆறாம் நாள் பத்து வயதுப் பெட்டை ஒருத்தி அதை எடுத்து மண்ணை நிரப்பி, “கஞ்சி ஊத்துறன், வரிசையில வாங்கோ” என்றாள். பொடியள் குச்சியைப் போட்டுவிட்டு வரிசையில் வந்தார்கள். பிந்தி வந்தவனை அவள் விரட்டினாள், கைக்குழந்தைக்காரிக்கு இரண்டு தரம் ஊற்றினாள், எனக்கும் ஒரு சிரட்டை. யாரோ இடித்துக்கொண்டு விழ, அன்றைக்குத்தான் அந்தக் கொட்டிலடியில் முதல் சிரிப்புக் கேட்டது. என் அம்புலன்ஸை இன்றைக்கும் ஒருவரும் ஓட்டவில்லை.

படம் வரைதல் பற்றிச் சில சொல்லவேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளைக்குக் கடுதாசியும் வண்ணமும் கொடுப்பது நல்லது. வரைந்ததைப் பிடுங்கிப் பொருள் சொல்வது பிள்ளையைத் திருடுவது. வந்த ஓர் அமைப்பின் ஆள், அமைப்பின் பெயர் வேண்டாம், படங்களைப் புரட்டிவிட்டு “இன்னும் கொஞ்சம் சோகமானது இருக்கா மிஸ்?” என்று கேட்டார். கண்காட்சியாம். பிறகு ஒரு படத்தில் அவர் கண் நின்றது. சிவப்பு, பச்சை, மஞ்சள், மயில்நீலம் என்று பூப்பூவாக ஒரு குன்று. “எவ்வளவு நம்பிக்கை பாருங்கோ, பூந்தோட்டம்” என்றார். வரைந்த பிள்ளையை மெல்லக் கேட்டேன். அது பங்கர். கடற்கரை மணலில் கிடங்கு வெட்டினால் சுவர் சரிந்துவிடும். அதனால் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். சிவப்பு, அம்மாவின் கூறைச் சேலை. மயில்நீலம், பெரியம்மாவினுடையது. பிள்ளை ஒவ்வொரு நிறத்தையும் தொட்டு ஆர் ஆரின் சேலை என்று சொன்னது. சொல்லிவிட்டுப் படத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டது. வந்தவர் வெறுங்கையோடு போனார். அன்று முதல் படம் பிள்ளையோடுதான் போகும் என்று ஒரு சட்டம் போட்டேன்.

சரி, ‘எத்தினை நாளைக்கு’ என்ற அந்தப் பொடியனின் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன்?

“தெரியாது அப்பன். ஆனால் நாளைக்குக் காலமை பத்து மணிக்கு நான் வருவன்.”

அவ்வளவுதான். பிறகு அதையே ஒரு முறையாக்கினோம். பிஸ்கற் பெட்டி அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு கோடு. ஒன்று இன்று, மற்றது நாளை. மூன்றாவது கோடு கிடையாது. அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்ற சொற்களை நாங்கள் எழுதுவதில்லை, ஏனென்றால் அவற்றுக்கு நாங்கள் பொறுப்பு நிற்கமுடியாது. ‘நாளை: 10 மணி, கணக்கு. பிறகு கிளித்தட்டு.’ கிளித்தட்டுக்குக் கோடு கீற இடம் வேண்டும். இரண்டு கொட்டில் வரிசைக்கு நடுவே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் அரைத்தட்டுத்தான் கீறலாம். அரைத்தட்டே விளையாடினார்கள். தினமும் காலை ஒரு பிள்ளை வந்து அட்டையில் ‘நாளை’யில் இருந்ததை ‘இன்று’க்கு மாற்றி எழுதும். நேற்றுச் சொன்னது இன்றைக்கு வந்துவிட்டது என்பதைத் தன் கையால் எழுதுவதுதான் முக்கியம். பாடத்தை விட இது முக்கியம் என்று அப்போதே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அந்த ஆவணியில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை முகாமுக்குள்ளேயே நடந்தது. பெறுபேறு ஒருபுறம் இருக்கட்டும், சொன்ன திகதியில் சோதனை நடந்ததே பல பிள்ளைகளுக்குப் புதினம்.

ஒருநாள் நான் வரவில்லை. வவுனியாவில் ஓர் அறிக்கைக் கூட்டம். யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் போனபோது அட்டை அப்படியே இருந்தது, ஒருவரும் மாற்றி எழுதவில்லை. பைக்காரன் பையைக் கழற்றத் தொடங்கி அப்போது ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அன்று திரும்ப மாட்டிக்கொண்டு இருந்தான். நான் சொன்ன நியாயத்தை மரியாதையாகக் கேட்டான். ஒன்பது நாள் சென்றது அவன் அதைத் திரும்ப இறக்க. அந்த ஒன்பது நாளும் நான் ஐந்து நிமிடம் முந்தியே போய் நின்றேன்.

அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்கமும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் ஹாம்ஸ்ரெட்டில் பிள்ளைகள் காப்பகம் நடத்தினார்கள். குண்டு விழுந்த இரவுகளைத் தாயின் பக்கத்தில் கழித்த பிள்ளைகளைவிட, பத்திரமான நாட்டுப்புறத்துக்குத் தாயைப் பிரிந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் கூடுதலாக உடைந்ததை அவர்கள் கண்டார்கள். தாய் பதறினால் பிள்ளை பதறும். எங்கள் கிழவிகளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் முகாமில் நாங்கள் பிள்ளைகளுக்கே திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். தாய்மார் வெறுங்கையோடு கொட்டில் வாசலில் இருந்தார்கள். ஆரம்பத்தில் சமைத்த சாப்பாடுதான், பொதுச் சமையல். உலர் உணவு கொடுத்து அவரவர் சமைக்கலாம் என்று ஆனபோது நடந்ததை மறக்கமாட்டேன். மூன்று கல், ஒரு பேணி, ஈர விறகு. பின்னேரம் வரிசை முழுக்க வெங்காயம் தாளிக்கிற மணம். இரண்டு கிழமையாக ‘வயித்துக்குத்து’ என்று என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்படியில் தாயிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, உப்பைக் கொட்டியதற்காக. நான் நடத்திய எந்தப் பயிற்சியையும்விட அந்த ஏச்சு அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்தது.

எல்லா ஏச்சும் அப்படி அல்ல. போர் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தார் வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரிடம் செய்த ஆய்வொன்று 2008 இல் வந்தது. போரைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகளும், குடிக்கிற தகப்பன் உள்ள பிள்ளைகளும் வீட்டில் கூடுதலாக அடி வாங்கினார்கள் என்று அது காட்டியது. எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், ஷெல்லைப் பற்றி எத்தனை மேடையிலும் பேசலாம், அப்பாவின் பெல்ற்றைப் பற்றிப் பேச ஒருவரும் கூப்பிடுவதில்லை. பிள்ளைபிடியைப் பற்றியும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் இழுத்துக்கொண்டு போன காலத்தில், பிள்ளைகளைக் கிடங்கில் ஒளித்து வைத்த தாய்மாரும், பதினாறு வயதில் அவசரத் தாலி கட்டி வைத்தவர்களும் அந்தக் கொட்டில்களில் இருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு பங்கர் என்பது விமானத்துக்குப் பயந்து ஒளித்த இடம் அல்ல, சொந்த ஆட்களுக்குப் பயந்து ஒளித்த இடம். அந்த இரண்டு பயமும் உடம்பில் வேறு வேறு இடத்தில் இருக்கும். முதலாவது சத்தத்துக்குத் திடுக்கிடும். இரண்டாவது கதவைத் தட்டினால் திடுக்கிடும்.

காணாமற் போனவர்களின் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. செத்த வீடு இல்லை, எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. ‘அப்பா வெளிநாட்டில’ என்று பொய் சொன்ன குடும்பங்கள் உண்டு. 2017 மாசி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டப் பந்தலுக்கு நான் போவதுண்டு. பந்தலுக்குள் பேரப்பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வார்கள். காணாத மாமாவின் படத்துக்குக் கீழே இருந்து ஆங்கில எழுத்து எழுதுவார்கள். அந்தப் பிள்ளைகளிடம் இன்று, நாளை என்று இரண்டு கோடு போட எனக்குத் துணிவில்லை. அவர்கள் பாட்டிகள் ‘நாளை’யை அத்தனை வருடமாக மாற்றி எழுதாமல் வைத்திருக்கிறார்கள்.

மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. பைக்காரனின் குடும்பம் அதற்கு முன்னரே தாயின் ஊரான விசுவமடுப் பக்கம் போய்விட்டது. 2013 இல் தேடிப் போனேன். இந்தியா காசு கொடுத்த 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒன்று. ஐந்தரை லட்சம் ரூபாய், கட்டம் கட்டமாகக் காசு வந்தது, வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டியிருந்தது. மணல் விலை ஏறி, மேசன் கூலி ஏறி, மிச்சத்துக்குக் கடன் பட்டிருந்தார்கள். அவனுக்குப் பதின்மூன்று வயது, தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்குக் கிழமையில் இரண்டு நாள், மிச்ச நாள் லாண்ட்மாஸ்டரில் மணல் ஏற்றப் போகிறான். நான் சொல்லக்கூடியது எதுவும் அந்தக் கடனை அடைக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிணைச்சல் எங்கே என்று கேட்டேன். சிரித்தான். புதுக் கதவுக்கு அளவு வேறாம், யன்னலுக்கும் பொருந்தவில்லையாம். இரும்புக்காரனுக்கு விற்றாயிற்று. வீடு காட்டினான். இரண்டு அறை, விறாந்தை, குசினி. அவன் படுப்பது உள்ளே இல்லை, வாசற்கதவுக்குக் குறுக்கே.

கஞ்சி ஊற்றிய பெட்டையைப் பிறகு பார்த்தது 2024 கார்த்திகையில். அந்த மாரியில் முல்லைத்தீவு, கிளிநொச்சி எங்கும் வெள்ளம். குளங்கள் வான் பாய்ந்தன. சனத்தைப் பள்ளிக்கூடங்களில் இருத்தியிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றுக் கனகாலம், ஆனாலும் பள்ளிக்கூடத்தில் சனம் படுத்திருக்கிறதென்று கேட்டால் கால் தானாகப் போகும். விறாந்தையில் வாங்குகளைச் சேர்த்துப் படுக்கை போட்டு, கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டு, பக்கத்துக் குடும்பத்துக் கிழவிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “ரீச்சர், வரிசையில வாங்கோ” என்றாள். இருவரும் சிரித்தோம்.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகன். முழங்கால் தண்ணியில் கூத்தடித்துவிட்டு நனைந்து வந்து நின்றான். அவள் இடுப்பில் பொலித்தீன் சுற்றிய ஒரு பை, பத்திரங்களாக இருக்கவேண்டும். தலையைத் துவட்டும்போதும் அதைக் கழற்றவில்லை. பெடியன் துவாய்க்குள் இருந்து முகத்தை எடுத்துக் கேட்டான்.

“அம்மா, எத்தினை நாளைக்கு?”

துவட்டிய கை நின்றது. நான் வேறெங்கோ பார்த்தேன்.

“என்னடா எத்தினை நாளைக்கு?”

“பள்ளிக்கூடம் லீவு.”

பத்து நாளாவது வேணும் என்றான். இஞ்சேயே இருந்தால் ராகுலோடு விளையாடலாமாம். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கேத்தலை எடுத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போனாள்.